பார்த்ததுக்கே காசா?

அந்த ஆலோசகர் அம்மாவின் அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டும்போது ஒரு பக்கமாகக் கரகரவென்று உரசியது. மெக்கானிக் சுவரோரம் காதை வைத்துக் கேட்டார்.

"தண்டவாளத்தப் புடிச்சுட்டு ஓடற ஷூ தேஞ்சு போச்சு. மாசக் கணக்கா எவனும் எட்டிப் பாக்கல."

"நாம லிஃப்ட் பாக்க வரல," என்றாள் மனைவி.

"நாலாவது மாடி. கதவு திறக்கிறது," என்றாள் பாப்பா, லிஃப்டுக்குள் பதிவு பண்ணி வைத்த குரல் மாதிரியே. அந்தப் பழைய லிஃப்டில் அப்படியொரு குரலே கிடையாது. பாப்பா இருக்கும்போது தேவையும் இல்லை.

பாப்பாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிறந்த நேரத்தில் வந்த சிக்கலில் புத்தி மட்டும் ஒரு சின்னப் பிள்ளையின் வயதோடு நின்றுகொண்டது. சட்டைப் பொத்தானை அவளே போட்டுக்கொள்வாள். அடுப்பை அணைக்க மறந்துவிடுவாள். யார் கையை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டு போய்விடுவாள். பெற்றவர்களுக்கு அதுதான் பயம்.

மெக்கானிக்கை எல்லாரும் மெக்கானிக் என்றேதான் கூப்பிடுவார்கள். வாலிப வயதிலிருந்து லிஃப்ட் பார்த்து, இப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கம்பெனி கொடுத்த மொத்தத் தொகை வங்கியில் கிடந்தது. மனைவி ஒரு கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். போன வருடம் அவளுக்கு நெஞ்சு வலி வந்து ஒரு ரத்தக் குழாயைச் சரி பண்ணினார்கள். டாக்டர் "பாத்து இருந்துக்கோங்க" என்றுதான் சொன்னார். அவளுக்கு அது "சீக்கிரம் முடிக்கிறதை முடிச்சுக்கோங்க" என்று கேட்டது.

முடிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நமக்கப்புறம் பாப்பாவை யார் பார்ப்பார்கள்?

ஊருக்கு வெளியே ஒரு இல்லம் இருந்தது. பாப்பா மாதிரிப் பிள்ளைகளைக் கடைசிவரைக்கும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். ஒரு பெரிய தொகை கட்டிவிட்டால் ஆயுசுக்கும் ஒரு அறை. புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. முடிந்ததும் பாப்பாவுக்கு அதில் ஓர் அறை என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள். இல்லம் கேட்டதில் முக்கால்வாசி கையில் இருந்தது. கால்வாசி இல்லை. அந்தக் கால்வாசிக்காகத்தான் இந்த நாலாவது மாடி.

ஆலோசகர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நடுத்தர வயது. பேச்சில் அவசரமே இல்லை.

"இந்தப் பணம் எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க."

மனைவி சொன்னாள். பாப்பா நாற்காலியைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்ப கட்டணும்?"

"கட்டடம் முடிஞ்சதும். ஒரு வருஷம் ஆகும்னாங்க."

"அப்ப இது ஓட விடற பணம் இல்ல, உக்கார வைக்கிற பணம். நான் சொல்லப்போறது ரொம்ப சப்புன்னுதான் இருக்கும். பணத்தைப் பெருக்கறதுக்கு முன்னாடி, இல்லத்துக்காரங்களோட உக்காந்து பேசணும். அவங்க பத்திரத்தை நான் ஒரு தடவை படிச்சாகணும். கேக்க வேண்டிய கேள்வி சிலது இருக்கு. நானே கூட வர்றேன்."

மெக்கானிக் இதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். மீதிக் காது, காசு எவ்வளவு என்று எப்போது சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் சொன்னாள். வேலையில் இருந்தபோது அவர் வாங்கிய மாதச் சம்பளத்தில் சரிபாதி.

"இதுல கமிஷன் எல்லாம் சேர்த்திங்களா?"

"நான் எவன்கிட்டயும் கமிஷன் வாங்கறதில்ல சார். அதனாலதான் உங்ககிட்ட வாங்கறேன்."

"நஷ்டம் வந்தா ஃபீஸைத் திருப்பித் தருவீங்களா?"

"மாட்டேன்."

"லாபம் வரும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அப்படி எழுதிக் குடுக்கறவங்க வீட்டுப் பக்கமே போகாதீங்க."

மெக்கானிக் எழுந்துவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பாப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது. "நாளைக்கு வரோம்" என்று கையாட்டினாள்.

கீழே இறங்கும்போது லிஃப்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

"வாயைத் திறந்து பேசினதுக்கே காசா? ஸ்பேனர் புடிச்சாளா, கிரீஸ் தடவினாளா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதே வார்த்தையை எத்தனை வீட்டுக்காரங்க உங்களப் பாத்துக் கேட்டிருக்காங்க! பாக்க வந்ததுக்கே காசா, கதவைத் திறந்து டார்ச் அடிச்சதுக்கே காசான்னு. ராத்திரி வந்து என்கிட்ட என்ன குதி குதிப்பீங்க?"

அது உண்மைதான். கம்பெனி விதி அப்படி. கோளாறு இருக்கோ இல்லையோ, ஆள் வந்து பார்த்தால் அதற்கு ஒரு கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, தாங்களே பலகையைக் கழற்றி ஒயரை இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நாசமான பிறகு கூப்பிடுகிறவர்களுக்கு மெக்கானிக் ஒரு பெயர் வைத்திருந்தார். ஸ்குரூடிரைவர் கோஷ்டி. "இன்னைக்கு ஒரு ஸ்குரூடிரைவர் கோஷ்டி மாட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் பல நாள் வீட்டுக்குள் நுழைவார்.

"இப்ப நீங்க எந்தக் கோஷ்டி?" என்றாள் மனைவி.

"லிஃப்ட் உயிர் சமாச்சாரம்மா. இது காசுதானே. கூட்டல் கழித்தல் தெரிஞ்சவன் எவனும் பண்ணலாம். நம்ம வீட்ல குழாய் யாரு மாட்டினது? மிக்ஸி யாரு பாத்தது? என்னைக்காவது ஆள் வச்சிருக்கமா?"

வைத்ததில்லை. அந்தக் குழாய் இப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது என்பதை மனைவி சொல்லவில்லை.

கிரீஸ் என்று ஒருவன் இருந்தான். மெக்கானிக்கின் கீழே இருபது வருடம் உதவியாளாக வேலை பார்த்தவன். எந்தச் சட்டை போட்டாலும் மத்தியானத்துக்குள் கறுப்பாகிவிடும் என்பதால் வந்த பெயர். அவனும் வேலையை விட்டுவிட்டு, இப்போது கைப்பேசியில் பங்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். சட்டை மட்டும் வெள்ளையாகியிருந்தது.

"ஃபீஸ் குடுக்கப் போனீங்களாண்ணே?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். "அவங்களுக்கு நெசமாவே தெரிஞ்சிருந்தா அவங்களே சம்பாதிச்சுட்டுப் போயிருப்பாங்கல்ல? எதுக்கு ஒரு நாற்காலியப் போட்டு உங்களுக்காகக் காத்துட்டு இருக்கணும்?"

இந்தக் கேள்வி மெக்கானிக்குக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் தன் சொந்தக் கேள்வி மாதிரியே கேட்டார். லிஃப்ட் பார்க்கிறவன் மாடி வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று கட்டாயமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

முதலில் கிரீஸைக் கேட்டுப் பங்கில் கொஞ்சமாகத்தான் போட்டார். பொடிப் பொடி லாபம் வந்தது. அதில் மனைவிக்கு ஒரு துணி வாங்கி வந்தார். மஞ்சள் நிறம், கெட்டித் துணி, பாப்பாவே கடையில் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

"பாப்பா ரூமுக்குத் திரை தைச்சுடு. நம்ம லாபத்துல வந்தது."

மனைவியின் முகம் அன்றைக்கு மலர்ந்த மாதிரி அதற்கு முன்னால் எப்போது மலர்ந்தது என்று அவருக்கு நினைவில்லை. அடுத்த வாரமே இல்லத்துக்குப் போய், பூச்சு கூடக் காயாத சுவரில் நாடாவை வைத்து ஜன்னலை அளந்துகொண்டு வந்துவிட்டாள். பாப்பாவிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "அது பாப்பா வீடு. பாப்பா ஜன்னல். வெளிய மரம் இருக்கு. அம்மாவும் அப்பாவும் வந்து வந்து பாப்போம்." ஒரு நாளைக்கு நாலு தடவை. இப்படிப் பழக்கினால்தான் கொண்டுபோய் விடுகிற அன்றைக்கு அழமாட்டாள் என்று இல்லத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பணத்தை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள்.

"பத்திரமா இருக்கு."

"எங்கன்னு கேட்டேன்."

"எனக்குத் தெரிஞ்ச எடத்துல."

அதுவும் பொய்யில்லை. லிஃப்டுக்கு இரும்புக் கயிறு செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. அவர் வேலை பார்த்த காலம் பூராவும் அந்தக் கயிற்றைத்தான் கட்டினார். ஒரு இழை கூடப் பிரிந்து பார்த்ததில்லை. அந்தக் கம்பெனியின் பங்கு விலை படபடவென்று ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்களைப் போல எதுவும் தெரியாமல் வாங்கவில்லை, தன் உள்ளங்கைக்குத் தெரிந்த பொருளை வாங்குகிறோம் என்று அவருக்கு ஒரு பெருமிதம். மொத்தத் தொகையில் பாதியை அதில் போட்டார். கயிறு நல்ல கயிறுதான். அதில் இன்று வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதைச் செய்கிறவன் எப்படிப்பட்டவன் என்பதை உள்ளங்கை சொல்லாது.

விலை ஏறியது. கையில் இல்லாத கால்வாசிப் பள்ளம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் இல்லத்துத் தொகைக்குக் கொஞ்சமே கொஞ்சம்தான் பாக்கி.

"எடுத்துடலாம்ணே," என்றான் கிரீஸ்.

"டேய், கேபின் தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழ நிக்கும்போது கதவைத் திறப்பியா? தடுக்கி விழுவாங்க. மட்டத்துக்கு வரட்டும்."

அந்த ஒரு சாண் வரவே இல்லை.

ஒரு நாள் காலையில், கயிற்றுக் கம்பெனி முதலாளி விற்காத சரக்கை விற்றதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார் என்று செய்தி வந்தது. மெக்கானிக் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் சோப்போடு கைப்பேசியைப் பார்த்தார். விலை மடமடவென்று இறங்கி, ஓரிடத்தில் அப்படியே நின்றது. அசையவில்லை. கைப்பேசிதான் நின்றுவிட்டதோ என்று கிரீஸைக் கூப்பிட்டார். அவன் நேரிலேயே ஓடி வந்துவிட்டான்.

"ஃபோன் சரியாத்தான் இருக்குண்ணே. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் விழலாம்னு ஒரு எல்லை வச்சிருக்காங்க. அதைத் தொட்டா அதுக்கு மேல விழ விடாம அங்கயே புடிச்சு நிறுத்திடுவாங்க."

மெக்கானிக்கின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. கிரீஸ் பிற்பாடு மற்றவர்களிடம் எத்தனையோ தடவை சொன்னான், அந்த வெளிச்சத்தைத்தான் மறக்க முடியவில்லை என்று.

"அப்ப சேஃப்டி கியர்னு சொல்லு!"

லிஃப்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கயிறே அறுந்தாலும் லிஃப்ட் கீழே போய் விழாது. வேகம் கூடியதும் கேபினுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தாடைகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். அதுதான் சேஃப்டி கியர். கவ்வியதை விடுவிக்க ஒரே ஒரு வழிதான். கேபினை மேலே தூக்க வேண்டும். கீழே எவ்வளவு இழுத்தாலும் இன்னும் இறுகும், விடாது. லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி இறங்கியே வயதானவர்கள் அந்த இருவரும். அவர்களுடைய உயிரே அந்தத் தாடைகளை நம்பித்தான் அத்தனை வருடம் தொங்கியது.

"கவ்விடுச்சு. இனி மேலதான் போகும்," என்றார்.

"இது லிஃப்ட் இல்லையேண்ணே."

"எவனோ ஒரு மனுசன்தானே யோசிச்சு இந்த எல்லையை வச்சான்? எதுக்கு வச்சான்? விழக் கூடாதுன்னுதானே? நீயே சொல்லு, இத்தனை வருஷத்துல கவ்வின எடத்துலேர்ந்து ஒரு கேபினாவது கீழ எறங்கிப் பாத்திருக்கியா?"

கிரீஸ் யோசித்தான். "பாத்ததில்ல."

"அப்புறம் என்னடா?"

கன்னத்தில் சோப்பு காய்ந்துபோய் இழுத்தது. அதைத் துடைக்காமலேயே, மிச்சமிருந்த பாதிக்கும் அதே பங்கை வாங்கினார். கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது. எத்தனை கேட்டாலும் கிடைத்தது. கடையில் ஒரு பொருளை எல்லாரும் உங்கள் தலையில் கட்டத் துடித்தால் ஏன் என்று ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடிய ஒருத்தி நாலாவது மாடியில் இருந்தாள். அவளுடைய கட்டணம்தான் அதிகமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் சந்தை திறந்தது. திறந்ததும் விலை இன்னும் ஒரு படி இறங்கி அங்கே நின்றது. நேற்றைய எல்லை நேற்றைக்கு மட்டும்தான். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு எல்லை. தாடை கவ்வும், ராத்திரி விட்டுவிடும், காலையில் ஒரு மாடி கீழே மறுபடி கவ்வும். விற்கிறேன் என்று போட்டார். வாங்க ஆளில்லை. ஒவ்வொரு நாளும் போட்டார். ஊரே விற்க நின்றது, வாங்க ஒரு ஈ காக்கா இல்லை. முதல் இரண்டு நாளில் போனதை மட்டும் வைத்து அந்த அம்மாவுக்கு அவர் ஆயுசு பூராவும் ஃபீஸ் கட்டியிருக்கலாம்.

கிரீஸ் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. அவனுடையதும் அதில்தான் போயிருந்தது. தெருவில் ஒரு தடவை பார்த்தார். அதே வெள்ளைச் சட்டைதான், கசங்கியிருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

கடைசியில் ஒரு நாள் வாங்க ஆள் கிடைத்தது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கைக்கு வந்தது.

வீட்டுக்குள் மனைவி திரைக்கு அடிமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து கொக்கிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். "மூச்சு வாங்குதுங்க இப்பல்லாம், ரெண்டு படி ஏறினா," என்றாள் மனைவி, ஏதோ துணியில் நூல் பிரிகிறது என்று சொல்வது மாதிரி. "கட்டடம் முடிஞ்சுடுச்சாமே. நல்ல வேளை."

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் எழுவார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறாளே என்று ஒரு நாள். நெஞ்சைத் தடவிக்கொள்கிறாளே என்று ஒரு நாள். சும்மா சிரித்துக்கொண்டிருக்கிறாளே, அதைக் கெடுப்பானேன் என்று ஒரு நாள்.

ஒரு மத்தியானம் ஆலோசகர் அம்மா கேட்ட ஃபீஸை அப்படியே பையில் வைத்துக்கொண்டு அந்த நாலாவது மாடிக்குப் போனார். லிஃப்ட் இன்னும் உரசிக்கொண்டுதான் இருந்தது. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பணத்தை மேஜைமேல் வைத்தார்.

"இதை எடுத்து உள்ள வைங்க சார். இப்ப இதை வாங்கினா நான் மனுசி இல்ல."

"ஏதாவது வழி சொல்லுங்கம்மா. விட்டதைப் புடிக்க எதுலயாவது..."

"விட்டதைப் புடிக்கப் போனா இருக்கறதும் போகும். மிச்சத்தைத் தொடாதீங்க." கண்ணாடியைக் கழற்றினாள். "இல்லத்துல பேசினீங்களா?"

"என்ன பேசறது?"

அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். என்னவோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டது தெரிந்தது.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

அவர் குனிந்துகொண்டார்.

"இன்னைக்கே சொல்லிடுங்க சார். இது ஃபீஸ் இல்லாம சொல்றது."

அதையும் அவர் கேட்கவில்லை.

இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். அறை தயார், பணத்தோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், பிள்ளையையும் கூட்டி வந்து ஒரு பொழுது இருக்க விடுங்கள் என்றார்கள். மனைவி பாப்பாவுக்குத் தலை சீவிவிட்டாள். திரையை மடித்து ஒரு துணிப்பையில் வைத்தாள். பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "கதவு திறக்கிறது" என்றாள் பாப்பா. கண்டக்டர் சிரித்தார். மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் பஸ் கெட்டுப்போய் நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டார். ஆயுசு பூராவும் நின்றுபோனதை ஓடவைத்தவர்.

இல்லத்து மேலாளர் தடித்த, சாந்தமான மனிதர். பாப்பாவை ஒரு பணிப்பெண்ணோடு அறையைப் பார்க்க அனுப்பினார். மனைவி திரைப்பையையும் கொடுத்தனுப்பினாள். "கொக்கி எல்லாம் பாப்பாவுக்கே மாட்டத் தெரியும். ஸ்டூல் மட்டும் புடிச்சுக்கோங்க."

மேலாளர் காகிதங்களை எடுத்துப் பரப்பினார். மெக்கானிக் வாயைத் திறந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். குடித்தார்.

"பணம் இல்லைங்க," என்றார்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "செக் புத்தகத்தை வீட்ல வச்சுட்டீங்களா?"

"இல்லம்மா. பணமே இல்ல. போயிடுச்சு."

கயிறு, பங்கு, எல்லை எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சொன்னார். மேலாளர் நடுவில் குறுக்கிட்டார். நல்ல மனதோடுதான் குறுக்கிட்டார். அந்தத் தம்பதிக்கு ஒரு வழி காட்டப்போகிறோம் என்ற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

"ஐயா, பதறாதீங்க. மொத்தத்தையும் இப்பவே கட்டணும்னு யாரு சொன்னா? இங்க இருக்கற பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேரு தவணைதான். மூணுல ஒரு பங்கு முதல்ல கட்டினா ரூமைக் குடுத்துடுவோம். மீதியை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கட்டுங்க. முடியாதவங்களுக்குக் கொறைச்சும் குடுப்போம். கேட்டா சொல்லியிருப்பமே. நீங்க கேக்கவே இல்லியே?"

மனைவி மேஜைமேல் பரப்பியிருந்த காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவரு ஓய்வு வாங்கினப்ப," என்றாள் மனைவி, மேலாளரைப் பார்த்து, ரொம்ப நிதானமாக, "எங்க கைல முக்கால் பங்கு இருந்துச்சு."

"அப்ப தாராளம்மா. அதுல பாதி கூட..." என்று ஆரம்பித்த மேலாளர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"மூணுல ஒரு பங்காவது இருக்கா?" இது கணவரிடம்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"அதுல பாதி?"

மறுபடி ஆட்டினார். மேலாளர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அடுத்த பெயர் வரிசையில் இருக்கிறது, இந்த மாதக் கடைசி வரைக்கும் வேண்டுமானால் நிறுத்தி வைக்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். மாதக் கடைசிக்குள் என்ன நடக்கப்போகிறது என்று மூன்று பேருக்குமே தெரியும்.

வராந்தாவில் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தோளைத் தாங்கப் போனார். தள்ளிவிடவில்லை. அதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். நல்ல நாளிலேயே வாய் சும்மா இருக்காதவள்.

"அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்க," என்றாள் கடைசியில். "மொதல்ல இங்க வந்து பேசணும்னு. கூட வரேன்னாங்க. நானாவது தனியா வந்து கேட்டிருக்கலாம். நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க, நான் ஜன்னலை அளந்துட்டு இருந்துட்டேன்."

"நான் போய் மறுபடி வேலை கேக்கறேன். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஆள்..."

"எத்தனை வருஷத்துக்குங்க?"

வராந்தாக் கடைசியில் அந்த அறையின் கதவு திறந்திருந்தது. மஞ்சள் வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. திரையை மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் மனைவி. "ஒரு வருஷமா இதுதான் உன் வீடுன்னு சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன். இனிமே இல்லைன்னு அவகிட்ட யாரு சொல்றது?"

"நீயே..."

"நானா? எதுக்கும் ஆள் வைக்க வேணாம், எல்லாம் நாமளே பாத்துக்கலாம்னு நீங்கதானே சொல்வீங்க. போங்க. இதையும் நீங்களே பாருங்க."

குரலில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

அவர் அறைக்குள் போனார். புதுச் சுண்ணாம்பு வாசனை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, மரம் தெரிகிற ஜன்னல். அளவு இம்மி பிசகவில்லை. பாப்பா ஜன்னல் முன்னால் நின்று திரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கதவு திறக்கிறது. கதவு மூடுகிறது." அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, எந்த மாடி?"

சின்ன வயதிலிருந்து அவர்தான் சொல்வார். மேலே என்பார், கீழே என்பார், அவள் பட்டனை அழுத்துவாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பாப்பா, நாம வீட்டுக்குப் போலாம்மா."

"இதான் வீடு."

"இல்லம்மா. நம்ம வீடு."

"பாப்பா வீடு," என்று திருத்தினாள், மறந்துபோன அப்பாவுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி. "பாப்பா ஜன்னல். மரம். அம்மா சொன்னாங்க. அப்பா வந்து வந்து பாப்பீங்க."

பாப்பா திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் மாடியைச் சொல்வதற்காகக் காத்திருந்தாள். துணிக்கு அடியில் அவளுடைய செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன.

வாசலில் மனைவி வந்து நின்றாள். பணிப்பெண்ணிடமிருந்து வாங்கிய வெறும் துணிப்பை அவள் கையில் இருந்தது. திரையை உள்ளே போட்டுக்கொள்ள, அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள்.